ஒற்றை பிளேடுக்கு ஒரு ஜே!

ஷேவிங் என்றால் எனக்குக் கொள்ளைப் பிரியம். வெளியில் சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். "தாடி மழிக்கிறதுல என்னங்க அப்படி ஒரு சந்தோஷம்? பல்லு விளக்குறதுக்கும் இப்படித்தான் குதிப்பீங்களா?" என்று வீட்டில் கேலி வேறு. கேலி செய்யட்டும். வழுவழுவென்ற கன்னம் பிறவியிலேயே வாய்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியாது. என் முகத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

வலது பக்கம், காது மடலுக்குக் கீழே தொடங்கி முகவாய் வரை சரிவாக இறங்கும் ஒரு தையல் தழும்பு. பள்ளிக்கூட நாளில் சைக்கிளோடு வாய்க்கால் மதகில் போய் விழுந்ததற்கான அடையாளம். அதன் மேல் பாதி தோலைவிட மேடு, கீழ்ப் பாதி பள்ளம். இடது கன்னத்தில் அம்மை விட்டுப்போன குழிகள். இதெல்லாம் போதாதென்று கழுத்துத் தோல் மகா கோபக்காரத் தோல். பிளேடு பட்டால் போதும், மத்தியானத்துக்குள் பொடிப்பொடியாகக் கொப்புளம் கிளம்பிவிடும். சட்டைக் காலர் உரசும்போதெல்லாம் உயிர் போகும். மாநிறக்காரன் என்பதால் சிவப்பது வெளியே தெரியாது. தடிப்பது நன்றாகவே தெரியும்.

இந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் இப்போது ஒரு சொட்டு ரத்தமில்லாமல், எரிச்சலில்லாமல், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஷேவ் செய்கிறேன். கைங்கர்யம் யாருடையது என்கிறீர்களா? நம் தாத்தாக்கள் வைத்திருந்த அதே ரேசர்தான்! மூடியைக் கழற்றி, இரு பக்கமும் கூரான மெல்லிய பிளேடை நடுவில் வைத்துத் திருகுவோமே, அந்த சேஃப்டி ரேசர். அதோடு ஒரு பிரஷ், ஒரு சோப்பு, ஒரு படிகாரக் கல். இவ்வளவே சங்கதி.

முதலில் தழும்பு விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பாடத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தெருமுனை சலூன்காரர். காதோரம் நரைத்த மனிதர். பேப்பர் உறையோடு பிளேடைப் பிடித்து நடுவில் ஒடித்து, அரை பிளேடை மட்டும் கத்திப் பிடியில் சொருகுவார். அந்த 'டக்' சத்தத்தைக் கேட்டாலே எனக்கு நிம்மதி. கல்யாணத்துக்குப் போகிற அவசரத்தில் ஒருநாள் அவரிடம் முகத்தைக் கொடுத்தேன்.

"அண்ணே, தழும்புகிட்ட பாத்து. அங்க எப்பவும் வெட்டிரும்."

"வெட்டாது தம்பி. தழும்புல முடி மொளைக்குமா?"

"மொளைக்காதுண்ணே."

"மொளைக்காத எடத்துல பிளேடுக்கு என்ன வேலை? ரெண்டு கரையிலயும்தான் நமக்கு வேலை. மேட்டுமேல ஏறவே கூடாது."

அடடா! எவ்வளவு பெரிய ஞானத்தை எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார்! தழும்பின் கரையோரமாக, அது போகிற வாக்கிலேயே கத்தியை ஓட்டினார். முதலில் ஒரு கரை, அப்புறம் மறு கரை. தழும்பைக் குறுக்கே கடக்கவே இல்லை. பள்ளமான கீழ்ப் பாதிக்கு வந்ததும் இடது கைக் கட்டைவிரலால் தாடைத் தோலைக் காதுப் பக்கம் மெதுவாக இழுத்தார். குழி நிமிர்ந்து சமதளமாயிற்று. ஒரே இழுப்பு, முடிந்தது. எழுந்து கண்ணாடியில் பார்த்தால் ஒரு கீறல் இல்லை!

அவர் கைப்பழக்கத்தில் கண்டதைத் தோல் மருத்துவமும் அப்படியே சொல்கிறது. காயம் ஆறும்போது உடம்பு அவசரமாக நிரப்பித் தருகிற திசுதான் தழும்பு. அதில் மயிர்க்கால் கிடையாது, வியர்வைச் சுரப்பி கிடையாது, எண்ணெய்ச் சுரப்பியும் கிடையாது. அதனால்தான் தழும்பு எப்போதும் வறண்டு கிடக்கிறது. நல்ல தோலில் கொலாஜன் இழைகள் வலைப்பின்னலாக இருக்கும். தழும்பில் பெரும்பாலும் ஒரே திசையில் அடுக்கிக் கிடக்கும். முழுக்க ஆறிய தழும்புக்கும் பழைய தோலின் பலத்தில் சுமார் 80 சதவீதம்தான் திரும்பக் கிடைக்கிறது. தழும்பின் விளிம்பில் முளைக்கிற முடியோ மற்றதெல்லாம் ஒரு திசை என்றால் இது ஒரு திசை என்று கோணலாக நிற்கும். அங்கே அழுத்தி ஓட்டினால் வெட்டாமல் என்ன செய்யும்?

இந்த இடத்தில்தான் ஒற்றை பிளேடின் மகிமை தெரிகிறது. விளம்பரத்தில் வருகிற பல பிளேடு கார்ட்ரிட்ஜ் ரேசரை எடுத்துக்கொள்ளுங்கள். 1971இல் இரண்டு பிளேடோடு கில்லெட்டின் டிராக் டூ வந்தது. 1998இல் மாக் த்ரீயில் மூன்று. 2006இல் ஃப்யூஷனில் ஐந்து. சமமான கன்னத்தில் அவை வேகமாகத்தான் வேலை செய்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அவை வேலை செய்கிற விதத்தைக் கவனியுங்கள். முன்னால் போகிற பிளேடு முடியைக் கொஞ்சம் வெளியே இழுத்துக்கொடுக்கும். அது உள்ளே திரும்புவதற்குள் பின்னால் வருகிற பிளேடு வெட்டிவிடும். மிச்ச முடி தோல் மட்டத்துக்கும் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். தொட்டால் வழுவழு என்று இருப்பதன் ரகசியம் இதுதான். சுருட்டை முடிக்காரர்களுக்குச் சிக்கலும் இதிலேயே பிறக்கிறது. உள்ளே போன நுனி மறுபடி வளரும்போது வெளியே வர வழி தெரியாமல் தோலுக்குள்ளேயே வளைந்து குத்தும். கழுத்துக் கொப்புளத்தின் மூலக் கதை அது. தவிர, ஒரே இழுப்பில் ஐந்து கூர்முனைகள் ஒரே இடத்தைச் சுரண்டுகின்றன. என் கழுத்துக்கு ஒன்றே அதிகம்.

கார்ட்ரிட்ஜ் ரேசரின் அகலத் தலை தழும்பு மேட்டில் ஏறும்போது எந்த பிளேடு எங்கே படுகிறது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. சேஃப்டி ரேசரில் பிளேடின் விளிம்பு கண்ணெதிரே இருக்கிறது. இந்த இடம் வேண்டும், இந்த இடம் வேண்டாம் என்று முடிவு செய்வது நான்.

என்னுடைய ரேசர் ஜெர்மனியில் கத்திகளுக்குப் பேர்போன ஜோலிங்கன் ஊரில் செய்த மெர்குர் 34சி. குட்டையான, தடித்த பிடி. கையில் எடுத்தாலே கனம் தெரியும். அந்தக் கனம்தான் விசேஷம்! கை அழுத்தவே வேண்டாம். ரேசரின் எடையே வேலையைச் செய்துவிடும். பிடியின் அடிநுனியை மூன்று விரலால் பிடித்துக்கொண்டு, கன்னத்தின்மேல் வைத்து, சும்மா வழிநடத்தினால் போதும். பிளேடு தோலுக்குச் சுமார் 30 பாகை சாய்வில் இருக்க வேண்டும். பிடியைக் கன்னத்துக்கு நெட்டுக்குத்தாக வைத்து, மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே வந்தால், ஓர் இடத்தில் முடி அறுபடுகிற 'சரசர' சத்தம் கேட்கும். அதுதான் சாய்வு. அந்தச் சத்தம் இருக்கிறதே, ஆஹா! ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்கிற ஆள் நான்.

ரேசர் வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தலையின் விளிம்பு சீப்புப் பல்லாகப் பிளந்திருந்தால் அது அடர்ந்த தாடிக்கு. பிளவில்லாமல் நேராக இருந்தால் அது சாதுவான ரகம். பிளேடு வெளியே நீட்டும் அளவும் குறைவாக இருக்க வேண்டும். தழும்புக்காரர்களும் எரிச்சல் தோல்காரர்களும் கண்ணை மூடிக்கொண்டு சாதுவையே வாங்குங்கள். வெளிநாட்டுச் சரக்குதான் வேண்டும் என்றில்லை. பேன்ஸி ஸ்டோரிலேயே நம் ஊர் ரேசர் மலிவாகக் கிடைக்கிறது.

இந்த ரேசரின் பூர்வீகமும் சுவாரசியமானது. அமெரிக்காவில் கிங் கேம்ப் கில்லெட் என்ற விற்பனைப் பிரதிநிதி, தீட்ட வேண்டிய அவசியமே இல்லாத, மழுங்கியதும் தூக்கிப் போடுகிற பிளேடு ஒன்றைக் கனவு கண்டார். அவ்வளவு மெல்லிய தகட்டைக் கூராக்க முடியாது என்று பலர் கையை விரித்தபோது, வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் அதற்கு வழி கண்டார். விற்பனை தொடங்கிய 1903ஆம் ஆண்டில் போன ரேசர் மொத்தம் 51, பிளேடு 168. அடுத்த ஆண்டு காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் தன் வீரர்களுக்காக லட்சக்கணக்கில் வாங்க, ஊர் திரும்பியவர்கள் அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். பிறகு உலகம் முழுக்க அதே ராஜாங்கம். நம் வீடுகளில் தாத்தா ஷேவ் செய்து முடித்த பிளேடுதான் பேரனுக்குப் பென்சில் சீவவும், பாட்டிக்குத் தையல் பிரிக்கவும் போயிற்று.

பிளேடு விஷயத்தில் ஒரே சட்டம்: உங்கள் தோல் எதை ஏற்கிறதோ அதுவே நல்ல பிளேடு. ஜப்பானின் ஃபெதர், கூர்மைக்குப் பெயர் பெற்றது. கை பழகாதவர்கள் அதில் தொடங்க வேண்டாம். நம் கடைகளில் செவன் ஓ கிளாக், டோபாஸ் எல்லாம் கிடைக்கின்றன. ஐந்து பிளேடுள்ள பாக்கெட் ஒரு டீ, வடைக் காசுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு ரகத்திலும் ஒரு பாக்கெட் வாங்கிப் பாருங்கள். மலிவு என்பதால் மழுங்கிய பிளேடோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. ஐந்து முதல் ஏழு ஷேவுக்குள் மாற்றிவிட வேண்டும் என்பது அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கத்தின் ஆலோசனை. நான் அதற்கும் முன்பே மாற்றிவிடுகிறேன்.

எஃகைவிட முடி ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் பிளேடு மழுங்குவது ஏன்? எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இதை மைக்ரோஸ்கோப்பில் வைத்தே பார்த்துவிட்டார்கள். 2020இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு அது. முடி வளைந்து ஒரு கோணத்தில் பிளேடின் விளிம்பை அழுத்தும்போது, எஃகின் நுண்ணமைப்பு சீராக இல்லாத இடங்களில் பொடிப்பொடியாகத் தெறிக்கிறதாம். தழும்போரத்துக் கோணல் முடியை நினைத்துக்கொண்டேன். பாவம் பிளேடு!

அந்த முடியைச் சாந்தப்படுத்துவது தண்ணீர். காய்ந்த தாடி முடி முரட்டுப் பயல். இரண்டு மூன்று நிமிஷம் வெதுவெதுப்பான நீரில் ஊறினால் பெட்டிப்பாம்பு. ஆகவே குளித்த கையோடு ஷேவ் செய்யுங்கள். முதலில் ஷேவ், பிறகு குளியல் என்ற வரிசைதான் பல வீடுகளில் நடக்கிறது. எரிச்சல் தோல்காரர்கள் அதைத் திருப்பிப் போட்டாலே பாதி வியாதி தீரும்.

அப்புறம் நுரை. தாம்பரம் பக்கம் குடியிருக்கிற எனக்கு போர் தண்ணீர்தான். அந்த உப்புத் தண்ணீரில் நுரை எழும்பாது. எழும்பினாலும் தாடையில் பூசி முடிப்பதற்குள் காய்ந்து திரிந்துவிடும். தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகிவிடுவதுதான் காரணம். பரிகாரம் சுலபம்: நுரைக்கு மட்டும் ஒரு டம்ளர் கேன் தண்ணீர். மழைக்காலத்தில் மாடியில் பிடித்த மழைத் தண்ணீர் கிடைத்துவிட்டால் எனக்குத் தீபாவளிதான்!

பிரஷை அந்தத் தண்ணீரில் நனைத்து, உதறி, சோப்பில் அரை நிமிஷம் சுழற்றி, ஒரு கிண்ணத்தில் இட்டுக் கலக்க வேண்டும். தொடக்கத்தில் பெரிய பெரிய குமிழாக வரும். அது நுரையே அல்ல. துளித்துளியாகத் தண்ணீர் விட்டுக் கலக்கக் கலக்கக் குமிழ்கள் சிறுத்து, கடைசியில் கட்டித் தயிராகப் பளபளக்கும். விரலில் தொட்டு உருட்டினால் வழுக்க வேண்டும். அந்தப் பதம் வந்துவிட்டால் பிளேடு தோலில் ஓடாது, நுரையில் ஓடும். பன்றி முடி பிரஷ் கொஞ்சம் முரடு. பேட்ஜர் என்ற விலங்கின் முடியில் செய்தது விலை கூடுதல். செயற்கை இழை பிரஷ்தான் என் கட்சி. மெத்து மெத்தென்று இருக்கும், சீக்கிரம் காயும், தழும்பின்மேல் சுழற்றினாலும் குத்தாது. சோப்பில் வாசனையும் மெந்தாலும் எவ்வளவு குறைவோ, எரிச்சல் தோலுக்கு அவ்வளவு நல்லது.

எந்தத் திசையில் ஓட்டுவது? இரண்டு நாள் தாடி இருக்கும்போது விரல் நுனியால் கழுத்தைத் தடவுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் முடி அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, நறநறத்தால் எதிர்ப்பக்கம். கன்னத்தில் எனக்கு எல்லா முடியும் கீழ்நோக்கி. கழுத்திலோ கீழிருந்து மேல்நோக்கி, குரல்வளைக்குப் பக்கத்தில் ஒரு சுழி வேறு! முதல் கை முடி சாய்ந்த திசையிலேயே. மறுபடி நுரை பூசி, இரண்டாம் கை குறுக்குவாக்கில். அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எதிர்த்திசையில் மூன்றாம் கை போட்டால் கண்ணாடி வழுவழுப்பு வரும்தான். கூடவே கொப்புளமும் வரும். நுரை இல்லாத இடத்தில் பிளேடு ஒருபோதும் படக் கூடாது.

அம்மைக் குழிகளுக்கு நாக்கே துணை. உள்ளிருந்து கன்னத்தை நாக்கால் லேசாக முட்டினால் குழி மேலே எழும்பும். சின்னச் சின்ன இழுப்பாக, விரற்கடை நீளத்துக்கு மேல் போகாமல் எடுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேடை அலசுங்கள்.

கடைசி அங்கம் படிகாரம். நாட்டு மருந்துக் கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கிற கல். குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவி, ஈரத்தோடு கல்லை முகம் முழுக்க ஒரு சுற்றுத் தேய்க்கிறேன். துளி ரத்தம் கசிந்திருந்தாலும் நின்றுவிடும். அதைவிட ருசியான ரகசியம் ஒன்று உண்டு. எங்கே சுள்ளென்று கடிக்கிறதோ, அங்கே கை கூடுதலாக அழுத்தியிருக்கிறது என்று பொருள். தினமும் காலையில் படிகாரம் மதிப்பெண் போட்டுவிடும்! ஒரு நிமிஷம் விட்டுக் கழுவிவிட வேண்டும். அப்படியே விட்டால் தோல் வறளும். ஆல்கஹால் கலந்த ஆஃப்டர்ஷேவ் பக்கம் நான் போவதே இல்லை. வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் கொஞ்சம், எண்ணெய்ச் சுரப்பி இல்லாத அந்தத் தழும்புக்கு மட்டும் கூடக் கொஞ்சம். அவ்வளவுதான் உபசாரம்.

எல்லோருக்கும் இது ஒத்துவருமா என்றால், வராது. தையல் பிரித்துக் காயம் முழுக்க ஆறி, மருத்துவர் சரியென்று சொல்லும் வரை அந்தப் பக்கம் எந்த பிளேடும் போகக் கூடாது. தழும்பு நாளுக்கு நாள் பெருத்துத் தன் எல்லையைத் தாண்டி வளர்கிறதென்றால் அது கெலாய்டாக இருக்கலாம். சிறு கீறலே அதை இன்னும் வளர்த்துவிடக்கூடும் என்பதால் அங்கே பிளேடு வேண்டாம், முடியைக் கொஞ்சம் விட்டு வெட்டுகிற டிரிம்மர் போதும். தோல் மருத்துவரையும் பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது. கொப்புளம் விடாமல் வந்துகொண்டிருந்தால் கொஞ்ச நாள் தாடி வளர்ப்பதே சிறந்த மருந்து.

மற்ற அத்தனை தழும்புக்காரர்களுக்கும், காலர் உரசினால் முகம் சுளிக்கிற அத்தனை பேருக்கும் என் தீர்ப்பு ஒன்றுதான்: ஒற்றை பிளேடு, ஊறிய முடி, அழுத்தாத கை. அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துத் தொடங்குங்கள். முதல் நாள் கன்னம் மட்டும் போதும். கை பழகிய பிறகு தழும்புக்குப் போகலாம். ஒரேயொரு வேண்டுகோள். பழைய பிளேடை அப்படியே குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதை அள்ளுகிறவர் கைக்கும் தோல் உண்டு. காலி டப்பா ஒன்றின் மூடியில் கீறல் போட்டு அதில் சேர்த்து வையுங்கள். நிறைந்ததும் டேப் ஒட்டி, உள்ளே பிளேடு என்று வெளியே எழுதித் தனியாகக் கொடுங்கள்.